சந்தை முக்கில் வைத்த எலுமிச்சம்பழம்

புதுக்கோட்டைக்கும் ஆலங்குடிக்கும் இடையே ஓடும் மஞ்சள் நிற பஸ்ஸுக்கு டிரைவர் ஆத்மநாதன். வயது நாற்பத்தெட்டு. தங்கமான மனிதர் என்று ரூட் முழுக்கச் சொல்வார்கள், ஆனால் ஒரே ஒரு குறையையும் சேர்த்துச் சொல்வார்கள்: ஹாரன் அடிக்க மாட்டார். ரோட்டுக்குக் குறுக்கே ஆடு படுத்துக் கிடந்தால்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டு, அது எழுந்து போகிற வரை ஸ்டியரிங் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் வீரய்யாதான் விசிலும் வாயுமாக இறங்கி ஓடுவார்.

"அண்ணே, அந்தப் பொத்தான அமுக்குனா ஒங்களுக்குக் கரண்டா அடிச்சிரும்?" என்று தினம் ஒரு தடவையாவது வீரய்யா கேட்பார். ஆத்மநாதன் தாளத்தை நிறுத்தமாட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆள் இப்படியா இருந்தார்? ஊர் எல்லையில் அடிக்கிற ஹாரனைக் கேட்டு, அடுத்த ஊர்க்காரர்கள் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவருவார்கள். அப்படிப்பட்டவர் வாயடைத்துப் போனதற்குக் காரணம் அவர் மனைவி சொர்ணவல்லிக்கு நடந்த விபத்து.

சொர்ணவல்லி நல்ல தையல்காரி. தொண்ணூறுகளில் இந்த மாவட்டத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் பழகிய காலத்தில், பாவாடை சட்டையோடு முழங்கால் சிராய்த்துக்கொண்டு பழகியவர். கல்யாணமாகி ஆலங்குடி ரோட்டில் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு வந்த பிறகும் சைக்கிளை விடவில்லை. தினமும் அதில்தான் டவுனுக்குப் போய், பழைய சந்தை வீதியில் இருக்கும் தையல் கடையில் பிளவுஸ் தைத்துவிட்டு வருவார். புருஷன் பஸ்ஸில் ஏறச்சொன்னால், "ஒங்க பஸ்ஸுக்கு நான் முந்திப் போயிருவேன்" என்று சிரிப்பார். பழைய சந்தை வீதியின் நெரிசலில் அது உண்மையாகவும் இருந்தது.

அந்த வீதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைக்காரர்களின் சரக்கு பாதி ரோட்டில், அதற்கு முன்னால் இரண்டு வரிசை பைக், அதற்கு முன்னால் ஆட்டோ, மிச்சமிருக்கும் இடுக்கில் பஸ், லாரி, சைக்கிள், மனுஷன், மாடு. அன்றைக்கு சொர்ணவல்லி மிதிக்க இடமில்லாமல் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரனை அலற விட்டது. திடுக்கிட்டு நடுரோட்டுப் பக்கம் ஓர் எட்டு வைத்தார், அந்தப் பக்கம் வந்த பைக் இடித்துத் தள்ளியது. இடுப்பு எலும்பில் முறிவு. ஆபரேஷன் முடிந்து எழுந்து நடந்தார், ஆனால் கைத்தடியோடு. அதன் பிறகு பழைய சந்தை வீதிப் பக்கமே அவர் போகவில்லை. வீட்டிலேயே மெஷினைப் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்துக்குத் தைத்தார். பின்னால் எங்கேயாவது ஹாரன் கேட்டால் தோள் இரண்டும் காது வரை ஏறிவிடும்.

ஹாரன் அடித்தது ஆத்மநாதனின் பஸ் இல்லை. ஆனால் அதே இடத்தில் ஆயிரம் தடவை அவரும் அடித்தவர்தானே? அந்த எண்ணம் வந்த நாளில் பொத்தானிலிருந்து கையை எடுத்தவர், திரும்ப வைக்கவேயில்லை.

இப்படியிருக்கும்போதுதான் பழைய சந்தை வீதியை மாற்றியமைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். இலக்கியா என்ற இன்ஜினியர், முப்பது வயதிருக்கும், சுவரில் பெரிய வரைபடத்தை ஒட்டிவிட்டுப் பேசினார். இரண்டு பக்கமும் ஆறடி நடைபாதை. அதை ஒட்டி சைக்கிளுக்குத் தனிக்கோடு. நடுவில் பஸ்ஸும் காரும். பைக் நிறுத்த சந்தைத் திடல். ஆத்மநாதன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆறடி என்று அவர் சொன்னதும் இவர் தன் இரண்டு கையையும் விரித்து அளந்து பார்த்தார். கைத்தடி ஊன்றிய ஓர் ஆள் தாராளமாக நடக்கலாம், எதிரில் இன்னோர் ஆள் வரலாம். அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அடுத்த வாக்கியத்திலேயே அந்த சந்தோஷத்துக்கு ஆப்பு வைத்தார் இலக்கியா. "சந்தை முக்குலதான் சிக்கல். அங்கிட்டு ஆறடி நடைபாதை போட்டா, பஸ் இடது பக்கம் திரும்புறப்ப பின்சக்கரம் ஒன்றரை அடி நடைபாதை மேல ஏறும்னு கம்ப்யூட்டர் காட்டுது. அதனால பஸ்ஸ எல்லாம் வெளி ரோட்டுல விடலாம்னு ஒரு யோசனை இருக்கு."

"எதுக்கு மேடம் சுத்தி வளைக்கணும்?" என்று எழுந்தார் கோபிநாத். சந்தை முக்கில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், கடைக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர். "பஸ்ஸு வேணும். சனம் வந்தாத்தானே யாவாரம்? நடைபாதைய முக்குல வெட்டிருங்க. ரெண்டடி போதும். எங்க கஸ்டமர் பைக்க நிறுத்த எடம் ஆச்சு."

கூட்டத்தில் பாதிப்பேர் ஆமாம் போட்டார்கள். ஆத்மநாதன் மனசுக்குள் கணக்குப் போட்டார். பஸ் வெளி ரோட்டுக்குப் போனால் தையல் கடைக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கவேண்டும், சொர்ணவல்லியால் அது ஆகாது. நடைபாதையை வெட்டினால், பஸ்ஸை விட்டு இறங்குகிற அந்த முக்கிலேயே அவர் மறுபடி ரோட்டில் நிற்கவேண்டும். இரண்டும் வேண்டும். ஒன்று போனாலும் அவர் வீட்டைவிட்டு வரமாட்டார்.

"திருப்பலாங்க" என்று ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான் என்பது ஆத்மநாதனுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

இங்கே ஆத்மநாதனின் இன்னொரு வேலையைச் சொல்லியாக வேண்டும். அவர் பிறந்தது ஆவுடையார்கோவில் பக்கம். சாமி பேரைத்தான் வைத்தார்கள்; அவர் ஊரில் 'ஆத்மநாதா' என்று கூப்பிட்டால் மூணு பேர் திரும்புவார்கள். பத்தாவதில் கோட்டைவிட்டு, டிராக்டர் ஓட்டி, மஸ்கட்டில் நாலு வருஷம் தண்ணி லாரி ஓட்டி, பிறகு பஸ்ஸுக்கு வந்தவர். ஆனால் எங்கே என்ன ஓட்டினாலும் வருஷத்தில் ஒரு நாள் ஊர் அம்மன் தேருக்கு வந்துவிடுவார். வடம் பிடிக்க இல்லை. முட்டுக்கட்டை போட. தேர்ச் சக்கரத்துக்கு அடியில் ஆப்பு மாதிரி செதுக்கிய கட்டையை வைத்து, அதை நிறுத்துவதும் திருப்புவதும் நாலு பேர் வேலை. பத்தொன்பது வயதிலிருந்து அதில் ஒருவர் அவர். ஒரு விரல்கடை தவறினால் தேர் வீட்டுச் சுவரில் போய் நிற்கும், இல்லாவிட்டால் கட்டை போட்டவன் கால் மேல் நிற்கும். அவர் கால் இரண்டும் பத்திரமாக இருப்பதே அவர் தொழில் தெரிந்தவர் என்பதற்கு அத்தாட்சி.

"தேரு முக்குல திரும்புறப்ப நாங்க மொதல்ல என்ன செய்வோம் தெரியுங்களா மேடம்?" என்றார், வேட்டியைச் சரிசெய்துகொண்டு. "எதுத்தாப்புல நிக்கிற கூட்டத்தப் பின்னால தள்ளுவோம். தேரு நேரா இன்னும் கொஞ்சம் ஓடிப்போயி அப்பறந்தான் ஒடியும். அப்பத்தான் பின்சக்கரம் உள்வாங்காது. இங்கிட்டும் எதுத்தாப்புல வாற வண்டிகள பத்தடி தள்ளி நிறுத்துங்க. நான் திருப்பிக் காட்டுறேன். ஆறடி நடைபாதையில ஒரு வெரக்கட கூட மிதிக்கமாட்டேன்."

இலக்கியா வரைபடத்தைப் பார்த்தார். ஆத்மநாதனைப் பார்த்தார். பேனாவை எடுத்து, எதிர்ப்பக்கத்து வண்டிகள் நிற்கவேண்டிய கோட்டைப் பத்தடி பின்னுக்குத் தள்ளிப் போட்டார். "அண்ணே, ஞாயித்துக்கெழம காலையில பஸ்ஸோட வரமுடியுமா?"

வரமுடியுமாவா! பஸ் ஓனரிடம் ஒற்றைக்காலில் நின்று அனுமதி வாங்கினார். மூன்று நாள் தூக்கமில்லை. வீட்டில் தோசைக்கல்லை முக்காகவும் சாப்பாட்டு டப்பாவை பஸ்ஸாகவும் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொர்ணவல்லி அதைப் பார்த்துவிட்டு, "டப்பாவுக்குப் பின்சக்கரம் எங்கங்க இருக்கு?" என்று கேட்டார். எதற்காக இந்தக் கூத்து என்பதை ஆத்மநாதன் சொல்லவில்லை. சொல்லி, நடக்காமல் போனால்?

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே சந்தை முக்கு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. நடைபாதையின் விளிம்பு வரவேண்டிய இடத்தில் மணல் மூட்டைகளை வரிசையாக அடுக்கி, அதற்கு வெளியே சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் பத்தடி தள்ளிக் கயிறு. டீக்கடை மாடியில் கூட்டம். மற்ற பஸ் டிரைவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார்கள். இவன் என்ன கிழிக்கிறான் பார்ப்போம் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. திருச்சியிலிருந்து பெரிய இன்ஜினியர் ஒருவர் வந்திருந்தார். முடிவு அவர் கையில்.

எல்லாம் தயார். ஆத்மநாதன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீரய்யாவுக்கு இவ்வளவு பெரிய காரியத்தை வெறுமனே ஆரம்பிக்க மனசு வருமா? மடியிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து, முன்சக்கரங்களுக்கு அடியில் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். விசில் ஊதினார். "ரைட், ரைட்!"

பஸ் அசைந்தது. வலதுபக்கப் பழம் சொத்தென்று நசுங்கியது. இடதுபக்கப் பழம் உருண்டு, இன்னும் ஓரடி இடதுபக்கம் தள்ளிப் போய் நின்றது. "அண்ணே, இடதுபக்கப் பழம் உருண்டுருச்சு!" என்று வீரய்யா கத்தினார்.

பழம் நசுங்காமல் வண்டி எடுப்பதாவது! முப்பது வருஷமாகப் பழகிய கை, மூளையைக் கேட்காமலே ஸ்டியரிங்கை இடதுபக்கம் லேசாக ஒடித்தது. பழம் நசுங்கியது. ஆத்மநாதனுக்கு நிம்மதி. ஆனால் பஸ் இப்போது இருக்கவேண்டிய இடத்துக்கு ஓரடி இடதுபக்கமாக இருந்தது. அது அவருக்கு முக்கில் திரும்பும்போதுதான் உறைத்தது. அப்போது நேரம் கடந்துவிட்டது. பின்சக்கரம் சுண்ணாம்புக் கோட்டை அழித்து, மணல் மூட்டை மேல் ஏறி, மூட்டை புஸ்ஸென்று வெடித்தது. டீக்கடை மாடியில் சிரிப்பு கிளம்பியது.

"பாத்தீங்களா? நான் சொல்லல?" என்று கோபிநாத் இலக்கியாவைப் பார்த்துக் கையை விரித்தார். பெரிய இன்ஜினியர் நோட்டில் ஏதோ எழுதினார்.

ஆத்மநாதன் இறங்கி வந்து வெடித்த மூட்டையைப் பார்த்தார். காது இரண்டும் சூடாகிவிட்டன. ஒரு பழத்தைத் துரத்திப் போய் மனைவியின் நடைபாதை மேல் பஸ்ஸை ஏற்றியிருக்கிறார்! தேரில் கட்டை போடும்போது பக்கத்தில் வந்து யார் என்ன கத்தினாலும் சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காத ஆளுக்கு, இங்கே மட்டும் புத்தி எங்கே போயிற்று? வீரய்யா பக்கத்தில் வந்து, "அண்ணே, பழம் உருண்டதே சகுனம் சரியில்லண்ணே, இன்னொரு நாளைக்கி…" என்று ஆரம்பித்தார்.

"சகுனமும் இல்ல, சட்டியும் இல்ல. நாந்தான் பழத்துப் பின்னாடி போனேன்" என்றார் ஆத்மநாதன். பிறகு இலக்கியாவிடம் போய் நின்றார். "மேடம், தப்பு முக்குல இல்ல, என்கிட்ட. இன்னும் ஒரே ஒரு தடவ."

இலக்கியா பெரிய இன்ஜினியரைப் பார்த்தார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மூட்டையை மாற்றினார்கள். கோட்டைத் திரும்ப இழுத்தார்கள். ஆத்மநாதன் நேராக கோபிநாத்தின் கடைக்குப் போனார்.

"முதலாளி, சாமி படத்துக்கு முன்னால ஒரு எலுமிச்சம்பழம் வச்சிருப்பீங்கள்ல? அதக் குடுங்க."

கோபிநாத்துக்கு சிரிப்பு தாங்கவில்லை. "இன்னொண்ணா? இந்தாங்க, நல்லா நசுக்குங்க."

"நசுக்க இல்லீங்க" என்று அவர் பழத்தை வாங்கிக்கொண்டு போய், முக்கு வளைகிற இடத்தில், சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே வைத்தார். உருளாமல் இருக்க அடியில் கொஞ்சம் மணலைக் குவித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இது நசுங்கக் கூடாது. நசுங்குனா நடைபாதைய ரெண்டடியா வெட்டிக்கங்க. நசுங்கலைன்னா ஆறடியும் இருக்கணும், பஸ்ஸும் இந்த வழியாத்தான் போகணும்."

"பேச்சு மாறக் கூடாது டிரைவர்" என்றார் கோபிநாத்.

"நீங்களும் மாறக் கூடாது முதலாளி."

வீரய்யாவுக்குத் தலை சுற்றியது. நசுங்கக் கூடாத எலுமிச்சம்பழத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. "வீரய்யா, நீ உள்ள ஏறாத. பின்சக்கரத்துக்குப் பக்கத்துல நடந்து வா. என்னையப் பாக்காத, பழத்தையும் பாக்காத, சக்கரத்த மட்டும் பாரு. உள்வாங்குனா பஸ்ஸ ஒரு தட்டுத் தட்டு" என்று சொல்லிவிட்டு ஆத்மநாதன் சீட்டில் ஏறினார்.

இந்தத் தடவை அவர் எதையும் கும்பிடவில்லை. இடதுபக்கக் கண்ணாடியைத் திருப்பி, பின்சக்கரம் தெரிகிற மாதிரி வைத்தார். வண்டியை எடுத்தார். நேராக, நேராக, இன்னும் நேராக. "திருப்புய்யா, திருப்பு!" என்று மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். அவர் திருப்பவில்லை. பஸ்ஸின் மூக்கு கயிற்றுக்கு அருகே போய், கயிற்றைப் பிடித்திருந்தவர் ஓர் எட்டு பின்னால் வைத்தார். அப்போதுதான் ஆத்மநாதன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை அள்ளி ஒடித்தார். முன்பக்கம் மெதுவாகச் சுற்றியது. முன்னால் எத்தனை தலை தெரிகிறது, யார் வாயைப் பிளக்கிறார்கள், ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. கண்ணாடிக்குள் ஒரு கறுப்பு டயர், ஒரு வெள்ளைக் கோடு, ஒரு மஞ்சள் பொட்டு. டயர் கோட்டை நோக்கி வந்தது. வந்தது. வீரய்யா தட்டவில்லை. டயருக்கும் கோட்டுக்கும் நடுவே கை நுழையும் இடம், பிறகு விரல் நுழையும் இடம். டயர் பழத்தைக் கடந்தது.

பிறகு வீரய்யா குனிந்து, பழத்தை எடுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். முழுசாக இருந்தது!

அந்தக் கூச்சலைக் கேட்டு சந்தைத் திடலில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் ஓடின. சிரித்த மாடிதான் இப்போது விசிலடித்தது. இலக்கியா வரைபடத்தைச் சுருட்டி அதால் தன் தொடையிலேயே அடித்துக்கொண்டு குதித்தார், பெரிய இன்ஜினியர் பக்கத்தில் இருப்பதை மறந்துவிட்டு. பெரிய இன்ஜினியர் மட்டும் நிதானமாகக் கேட்டார்: "இவர் திருப்பிட்டார். மத்தவங்க?"

கேள்வி நியாயம்தான். ஆத்மநாதன் தான் ஸ்டியரிங்கை ஒடித்த இடத்துக்குப் போய், ரோட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தார். "டிரைவர் சீட்டு இந்தக் கோட்டுக்கு வாற வரைக்கும் நேரா வாங்க. அப்பறம் முழுசா ஒடிங்க." வீரய்யா பழத்தைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தார். கையைக் கட்டி நின்ற டிரைவர்களில் இரண்டு பேர் ஏறினார்கள். இரண்டு பேரும் திருப்பினார்கள். இரண்டாவது ஆள் பழத்துக்கு ஒரு முழம் இடம்விட்டே திருப்பினார். ஆத்மநாதனுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. மூட்டைகள் அப்படியே மூன்று மாசம் இருக்கட்டும், பஸ் இந்த வழியாகவே ஓடட்டும், சரியாக வந்தால் கல்லும் சிமென்டும் போட்டுவிடலாம் என்றார் பெரிய இன்ஜினியர். கோபிநாத் தன் கடை வாசலில் நின்ற பைக்குகளைத் திடலுக்குத் தள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். முகம் சுண்டியிருந்தாலும் பேச்சு மாறவில்லை.

ஆத்மநாதன் பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். சமையல்கட்டில் சொர்ணவல்லியின் கையில் அதை வைத்துவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். உருண்ட பழம், வெடித்த மூட்டை எல்லாம். சொர்ணவல்லி சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார்.

"முக்குலயிருந்து தையக்கட வரைக்குமா மூட்ட போட்ருக்காங்க?"

"அதையும் தாண்டி. ஆறடி."

சொர்ணவல்லி பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார். பிறகு, இருபது வருஷமாக அந்த பஸ்ஸை ஓட்டுகிறவரிடமே கேட்டார்: "காலையில ஒங்க பஸ்ஸு நம்ம ஊருக்கு எத்தன மணிக்கு வரும்?"

மறுநாள் எட்டரைக்கு பஸ் அந்த ஊர் ஸ்டாப்பில் நின்றது. சொர்ணவல்லி பச்சைச் சேலையில், கைத்தடியோடு நின்றிருந்தார். வீரய்யா பரபரவென்று இறங்கி, "வாங்க மைனி, வாங்க" என்று முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி இடம்பிடித்துக் கொடுத்தார். டிக்கெட் கொடுக்க மறந்தே போனார். ஆத்மநாதன் வழி முழுக்கத் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தை முக்கில், கோடு வரை நேராகப் போய் முழுசாக ஒடித்து, மணல் மூட்டைகளுக்கு நடுவே ஆள் இறங்க விட்டிருந்த இடைவெளியை ஒட்டி பஸ்ஸை நிறுத்தினார். சொர்ணவல்லி படியில் நின்று வெளியே பார்த்தார். நிற்கிற இடத்திலேயே நின்றார். தோள்கள் மேலே ஏறுவதை ஆத்மநாதன் பார்த்தார். பிறகு தடி கீழே ஊன்றியது, கால் இறங்கியது. மூட்டைகளுக்கு உள்பக்கம், கடைகளுக்கு வெளிப்பக்கம், வண்டி எதுவும் வரமுடியாத ஆறடியில் அவர் நடக்க ஆரம்பித்தார். எதிரே ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் இடிக்காமல் கடந்தார்கள்.

பஸ் கிளம்பவில்லை. வீரய்யா விசிலை வாயில் வைத்திருந்தார், ஊதவில்லை. உள்ளே யாரும் ஏனென்று கேட்கவில்லை, பின்னால் இரண்டு வண்டிகள்தான் முனகின. ஆத்மநாதன் சொர்ணவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல் கடை வாசலில் அவர் தடியைச் சாய்த்து வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். அந்த வினாடியில் ஆத்மநாதனுக்குள் எதுவோ பொங்கி வந்து, வாய்வழியாக வரத் தெரியாமல், கை வழியாக வந்துவிட்டது. இரண்டு வருஷமாகத் தொடாத பொத்தானை அழுத்தினார். நீளமாக, வீதி அதிர, கையை எடுக்காமல்!

அழுத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. விருட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

சொர்ணவல்லியின் தோள்கள் ஏறவில்லை. அவர் நிதானமாக, ஆற அமரத் திரும்பி, மூட்டை வரிசைக்கு இந்தப் பக்கம் நின்ற பஸ்ஸைப் பார்த்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வீதிக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"என்னங்க சத்தம்? கெளம்புங்க, ஜனங்களுக்கு வேலையிருக்குல்ல!"